புதுப்பிப்பு: ஓல்டு டிராஃபோர்டு மதிப்பெண்களில் சில திருத்தங்கள்

2024 மே 12 ஞாயிறன்று இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டிலேயே ஆர்சனல் 1-0 என வென்ற கையோடு, ஆர்சனல் ஆட்டக்காரர்களுக்கு நான் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டிருந்தேன். பதற்றம் தணிந்தபின் முழு ஆட்டத்தையும் மீண்டும் பார்த்ததில், முன்கள வீரர் ஹாவெர்ட்ஸுக்கு 6 கொடுத்தது அநியாயம் என்று தெரிகிறது.

இருபதாவது நிமிடத்தில், யுனைடெட்டின் தடுப்பு வரிசையில் நின்ற கசெமிரோ பின்னாலிருந்து மேலேறி வராமல் ஆற அமர நடந்துகொண்டிருந்ததால் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) ஆகாமல் தப்பிய ஹாவெர்ட்ஸ், வலப்பக்கம் பந்தை வாங்கியதும் தாமே உதைக்க அவசரப்படாமல், தலையை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் தாழ்வாகக் குறுக்கே அனுப்ப, சக ஆட்டக்காரர் ட்ரொசார்டு ஓடிவந்து வலைக்குள் தள்ளினார். அந்த ஒரு பார்வைக்காகவே ஹாவெர்ட்ஸுக்கு இனி 8. ட்ரொசார்டின் 7 மாறவில்லை.

தடுப்பாட்டக்காரர்கள் சலிபா, காப்ரியேல் இருவருக்கும் அளித்த 8 அப்படியே இருக்கட்டும். யுனைடெட்டின் முன்கள வீரர் ஹோய்லுண்டு திரும்பி நின்று உதைக்க இடமே கிடைக்காதபடி மாறி மாறி அவரை நெருக்கினார்கள். நடுக்களத்தில் ஆடிய ரைஸுக்கு அரை மதிப்பெண் கூட்டுகிறேன். அவரோடு நடுக்களத்தில் ஆடிய ஒடேகார்டுக்கு மட்டும் மனமில்லாமல் 7-ஐ 6 ஆக்குகிறேன். இரண்டாம் பாதியில் பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தின் வேகத்தைத் தணித்திருக்க வேண்டியவர் அவர்தான். அந்த நிதானம் இல்லாததால்தான், ஒற்றைக் கோல் முன்னிலையோடு கடைசிவரை நகத்தைக் கடிக்க நேர்ந்தது.