தலையாட்டினால் "புரிந்தது" என்று அர்த்தமா?

மருந்துக்கடை_தண்டையார்பேட்டை:
ஊர் எனக்கு ஈரோடு பக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஒரு பாட்டியம்மா சர்க்கரை மாத்திரை வாங்கினார். இது காலையில் சாப்பாட்டுக்கு முன்னால், இது ராத்திரி சாப்பிட்ட பிறகு என்று அட்டையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் தலையை இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார், நானும் புரிந்துவிட்டது என்று பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று விசாரித்தால் இரண்டையும் காலையிலேயே சேர்த்துப் போட்டிருக்கிறார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கத்துத் தலையாட்டலில் எது சம்மதம், எது சும்மா மரியாதைக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வஞ்சிரம்_காசிமேடு:
தம்பி, நான் பதினைந்து வருடமாகக் காசிமேடு மீன் ஏலத்தில் நிற்கிறேன். விடிவதற்கு முன்னால் அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது, ஏலம் விடுகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போவார், அவர் கண்ணைப் பார்த்து மோவாயை ஒரு விரற்கடை இறக்கினால் கூடை என்னுடையது. அதே மோவாயை வெடுக்கென்று மேலே தூக்கினால் "என்ன விலை?". தெருவில் தெரிந்தவரைப் பார்த்துத் தூக்கினால் "என்னா, எப்படி இருக்கே?". ஒரு பக்கமாக ஒரே தரம் சாய்த்தால் "சரி வுடு, பார்த்துக்கலாம்". ஏலத்தில் தலை இறங்கினால் பணம் கொடுத்தாக வேண்டும், அதனால் யாரும் சும்மா ஆட்ட மாட்டோம். உங்கள் கடையில் அப்படி இல்லையே.

கப்பல்காரன்_ராயபுரம்:
பல்கேரியாவில் வர்ணா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது ஒரு கடையில் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். அந்த அம்மா பக்கவாட்டில் தலையாட்டினார், நான் வெளியே வந்துவிட்டேன், ரொட்டியோடு பின்னாலேயே ஓடி வந்தார்! அங்கே பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. கிரீஸ், துருக்கிப் பக்கம் தலையை மேலே வெட்டினால் இல்லை, அண்ணன் சொன்ன மாதிரி நம் தெருவில் அது கேள்வி. குழந்தை பால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் "இல்லை"க்கு ஆரம்பம் என்கிற மாதிரி டார்வின் 1872இல் எழுதியிருக்கிறார். என் மகளுக்குப் பருப்புச்சோறு ஊட்டும்போது அது சரி என்றுதான் தோன்றும், ஆனால் வர்ணாவில் அது செல்லாது.

சலங்கை_வண்ணாரப்பேட்டை:
பரதத்தில் தலையசைவு மட்டும் ஒன்பது, சிரோபேதம் என்போம். மேலும் கீழும் என்றால் கம்பிதம், முகத்தை இடமும் வலமும் திருப்பி மறுத்தால் துதம், சாமரம் வீசுகிற மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்தால் பரிவாகிதம். நீங்கள் சொல்கிற பாட்டியம்மா ஆட்டியது கடைசி வகை என்று நினைக்கிறேன். எங்கள் ஆயாவும் அப்படித்தான். அது சம்மதமே இல்லை தம்பி, கதை கேட்கும்போது உம் கொட்டுவோமே, அது. "நீ சொல்லு, நான் கேட்கிறேன்" என்பதோடு சரி. படித்த பிள்ளை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும்போது திரும்பக் கேட்டால் மனசு நோகுமோ என்று எங்கள் ஆயா டாக்டரிடம்கூட கேட்க மாட்டார், வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பார். அந்தப் பாட்டிக்கு வீட்டில் கேட்க ஆள் உண்டோ இல்லையோ. "புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கும் தலைதான் ஆடும். "ஆயா, ராத்திரிக்கு எதைப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

மருந்துக்கடை_தண்டையார்பேட்டை:
அக்கா, இன்று அவர் வந்தார், நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். இரண்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், தலை ஆடவே இல்லை. அப்புறம் மெதுவாக, "ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கே, எழுத்து தெரியலைப்பா" என்றார். ராத்திரி அட்டைக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தடவிப் பார்த்து, "இது கஞ்சி குடிச்சப்புறம்" என்று அவரே சொன்னார்.