மட்டை லொறியின் சில்லு உருளவில்லை, பழைய முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலோர வீடு (வெள்ளவத்தை):
மகனின் பள்ளியில் போர்க்கால விளையாட்டுச் சாமான்கள் பற்றிக் கண்காட்சி. 1992இல் யாழ்ப்பாணத்தில் எனக்கு ஏழு வயது. அரசின் பொருளாதாரத் தடையில் பற்றரியே வராது, பற்றரிக் காருக்கு எங்கே போவது? அப்பா மட்டையில் லொறி செய்து தந்தார். சவர்க்காரப் பெட்டி மட்டை என்று நினைவு. விறாந்தையின் ஒரு முனையில் தள்ளிவிட்டால் மறுமுனைச் சுவரில் போய் முட்டும்.

அதையே மகனுக்குச் செய்து கொடுக்க ஆசை. மூன்று தரம் செய்தாயிற்று. சில்லு சாய்கிறது, சுற்றவும் மாட்டேன் என்கிறது. இரண்டு நாளில் கடல் காற்றுக்கு மட்டை நமத்த அப்பளம் போலத் தொய்கிறது. கடையில் பிளாஸ்டிக் சில்லு வாங்கிப் பூட்ட மனமில்லை. அப்பாவும் இப்போது இல்லை, கேட்பதற்கு. என்ன பிழை விடுகிறேன்?

பனங்காணி:
தங்கச்சி, சவர்க்காரமே தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. காலண்டர் மட்டையாகவோ மருந்துப் பெட்டியாகவோ இருக்கும். கடதாசியும் அப்படித்தான், பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வந்ததே.

ஒற்றை மட்டையில் சில்லு நிற்காது. ஒரு சில்லுக்கு நாலு வட்டம் வெட்டி, ஒன்றின் வரி (மட்டையின் நார் ஓடும் திசை) மற்றதற்குக் குறுக்காக வரும்படி ஒட்டி, ஓர் இரவு பாரம் வையுங்கோ. கோதுமை மாவை நாங்கள் பசைக்கு வீணாக்கவில்லை. நறுவிலிப் பழமும் வேப்பம் பிசினும்தான். பிசின் காய்ந்தால் மட்டை பலகை மாதிரி இறுகும்.

அப்புறம் அச்சு. சில்லை அச்சோடு சேர்த்து ஒட்டிவிட வேண்டும். அச்சுதான் சுழல வேண்டும். முடிந்த பேனையின் குழாயை லொறியின் அடியில் ஒட்டி, அதற்குள் அச்சை விடுங்கள். ஈர்க்கு வளையும், மெல்லிய மூங்கில் குச்சி நல்லது.

புறக்கோட்டைப் பொடியன்:
அக்கா, கண்காட்சியில் இதையும் எழுதி வைக்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு உலோகம் தேவைப்பட்டதால், 1942இல் அமெரிக்காவில் உலோக விளையாட்டுச் சாமான் செய்வது நின்றுபோனது. பொம்மை ரயிலுக்குப் பேர்போன லயனல் கம்பனி 1943இல் முழுக்க அட்டையிலேயே ரயில் விற்றது. 250க்கு மேல் துண்டுகள்! பெரியவர்களே கோத்து முடிக்கத் திணறினார்களாம்.

கடல் காற்றுக்கு: வர்ணம் காய்ந்தபின் மெழுகுதிரியை மட்டை முழுக்கத் தேய்த்துவிடுங்கள்.

கடலோர வீடு:
அண்ணா, மருந்துப் பெட்டியேதான்! அம்மாவிடம் கேட்டேன். அப்பா வேலை செய்த மருந்துக்கடையில் வெறும் பெட்டிகளை எறிய விடமாட்டாராம், சேலை மடிப்பது போல மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவாராம். எனக்கு இது தெரியவே தெரியாது.

நான் அச்சை லொறியோடு ஒட்டிவிட்டுச் சில்லைச் சுற்ற வைக்கப் பார்த்திருக்கிறேன். வேப்பம் பிசினுக்கு இங்கே வழியில்லை, மாப் பசைதான். பாரம் வைக்க அம்மியும் இல்லை, அரிசி வாளியை ஏற்றி வைத்தேன். நேற்று இரவு நாலாவது லொறி குசினி வாசல் வரை போனது. மகன் பின்னாலேயே ஓடினான். இன்னும் இடப்பக்கம் இழுக்கிறது. பின் அச்சைப் பிரித்துத் திரும்ப ஒட்டப் போகிறேன்.