குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளைப் பெற வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992-இல் இணைந்தது. அரசு அதை எப்படி நிறைவேற்றுகிறது என்று ஜெனீவாவில் உள்ள ஐ.நா. குழந்தை உரிமைகள் குழுவுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தொண்டு அமைப்புகளும் மாற்று அறிக்கை அனுப்பலாம். அதற்கு உயிர் கொடுப்பது ஊர்மட்டத் தகவல்தான்.

எங்கள் ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுப் பதிவேட்டைப் பார்த்தேன். கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. என்ன பேசினார்கள் என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அதே ஆண்டில்தான் இரண்டு பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்று நூற்பாலை வேலைக்குப் போனார்கள். மனம் ஆறவில்லை.

ஊராட்சி ஒன்றியம் முழுவதற்குமான கூட்டக் குறிப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப்போகிறோம். மனுவை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்புவதா, ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனித்தனியாகவா? பிள்ளைகளின் பெயரை மறைத்து நகல் தரும்படி எப்படி எழுதுவது? (பெயர் வெளியே வந்தால் கேடு அவர்களுக்குத்தான்.) ஏற்கெனவே கேட்டுப் பதில் வாங்கியவர்கள் மனுவின் மாதிரியைத் தயவுசெய்து பகிருங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டவர்கள் இருந்தால் அதன் வாசகமும் வேண்டும். அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன் கிடைத்தால் பேருதவி.