சார்ட்டில் கோடு போட்டால் விலை கேட்குமா?

புதுவரவு:
பழைய விலைகளின் சார்ட்டைப் பார்த்துப் பங்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று கணிக்கும் டெக்னிக்கல் அனாலிசிஸைச் சொல்லித் தரும் ஒரு வாரக் கடைசி வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். சார்ட்டில் நடுவே உயரமாக ஒரு முகடு, இரு பக்கமும் சற்றுத் தாழ்ந்த இரண்டு முகடு என்று ‘தலையும் தோளும்’ உருவம் வந்தால் விலை விழும் என்றார்கள். என் கையில் இருந்த ஒரு மிட்கேப் (நடுத்தர அளவுக் கம்பெனி) பங்கில் அதே உருவம் வரவும் விற்றுவிட்டேன். அடுத்த மூன்று வாரம் அது ஏறிக்கொண்டே போனது. இந்தச் சமாசாரத்தை நம்பலாமா, வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம் தம்பி. மேகத்தில் யானை பார்க்கிற கதைதான் இது. ஒரே சார்ட்டை நாலு பேரிடம் கொடுத்தால் நாலு கோடு போடுவார்கள். விழுந்த பிறகு ‘அதோ தோள்’ என்பார்கள், ஏறிவிட்டால் ‘உருவம் தோற்றது’ என்பார்கள். கம்பெனி சம்பாதிக்கிறதா என்று பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள்.

மெழுகுவர்த்தி:
சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் சார்? கையிருப்பு 5,361 கோடி ரூபாய் என்று அதில் இருந்தது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில் அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு! சார்ட் பார்த்தவனுக்கு ஆடிட்டர் தேவைப்படவில்லை. 2008 மே மாதம் 500 ரூபாய்க்கு மேல் இருந்த பங்கு, அந்த வருடக் கடைசியில் 200 நாள் சராசரிக்கு (கடந்த 200 நாள் விலைகளின் சராசரி) வெகு கீழே கிடந்தது.

கணக்குப்பிள்ளை:
நல்ல ஆளைச் சாட்சிக்குக் கூப்பிட்டீர்கள். அமெரிக்காவின் லேமன் வங்கி கவிழ்ந்து உலகச் சந்தையே விழுந்த வருடம் அது. அந்த அக்டோபரில் எத்தனை பெரிய பங்கு 200 நாள் சராசரிக்கு மேலே நின்றது? இன்ஃபோசிஸும் கீழேதான். இரண்டும் ஒரே மாதிரி இறங்கும்போது, எது மோசடி, எது நல்ல கம்பெனி என்று உங்கள் கோடு பிரித்துக் காட்டியதா? டிசம்பர் 17ல் சத்யம் சுமார் 30 சதவீதம் விழுந்தது, ராஜு குடும்பத்தின் மேய்டாஸ் கம்பெனிகளைச் சத்யம் வாங்கப் பார்த்த விவகாரத்தால். அதைச் செய்தித்தாள் சொன்னது, உங்கள் சார்ட்டில் இருக்கும் கேண்டில் இல்லை. கடிதம் வெளியான அன்று 179லிருந்து 40 ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. நஷ்டத்தை நிறுத்த முன்கூட்டியே விலை குறித்துவைக்கும் உங்கள் ஸ்டாப்லாஸ் நடுவில் எந்த விலையில் போயிருக்கும்?

மெழுகுவர்த்தி:
பிரித்துக் காட்டவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சராசரியை உடைத்ததும் இரண்டையும் விற்றிருந்தால், மீண்டும் மேலே வந்தபோது இன்ஃபோசிஸைத் திரும்ப வாங்கியிருக்கலாம். சத்யத்தில் அந்தக் கடிதத்துக்கு முன்பே வெளியே வந்திருப்பேன். சார்ட் ஜோசியம் என்று நான் சொல்லவே இல்லை. ‘இந்த விலைக்குக் கீழே போனால் என் கணக்கு தப்பு’ என்று முன்கூட்டியே எழுதிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். பேலன்ஸ் ஷீட்காரர்களுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. விழ விழ ‘இன்னும் மலிவு’ என்று வாங்குவார்கள்.
புதுவரவு, ஒன்று கேட்கிறேன். தலைக்கு இரு பக்கமும் உள்ள பள்ளங்களை இணைக்கும் கழுத்துக்கோட்டை விலை கீழே உடைத்த பிறகா விற்றீர்கள்?

புதுவரவு:
இல்லை அண்ணா. வலது தோள் மாதிரி தெரிந்ததும் விற்றுவிட்டேன்.

மெழுகுவர்த்தி:
அப்படியானால் அந்த உருவம் முடியவே இல்லை. பாதிச் சமையலில் உப்பு பார்த்திருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, தோற்றால் எப்போதும் ஆள் மேல்தான் தப்பு!

எக்செல் அக்கா:
இரண்டு பேரும் கதை சொல்கிறீர்கள், எண்ணைக் காணோம். 1992ல் மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீட்டின் 1897 முதல் 1986 வரையான விலைகளில் எளிய மூவிங் ஆவரேஜ் விதிகளை (சராசரியைத் தாண்டினால் வாங்கு, உடைத்தால் வில் என்கிற மாதிரி) சோதித்து, பலன் இருக்கிறது என்றார்கள். மெழுகுவர்த்தி கொண்டாட வேண்டாம். 1999ல் வேறு மூவர், ஆயிரக்கணக்கான விதிகளில் முதலிடம் பிடித்ததை எடுத்து 1986க்கு அடுத்த பத்தாண்டு விலைகளில் ஓட்டினார்கள். அந்தப் பலன் அங்கே கிடைக்கவில்லை. பழைய வினாத்தாளுக்கு மட்டும் நூறு வாங்கும் பையன் கதைதான். இதில் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), 2024 ஜூலையிலிருந்து குறுகியகால லாபத்துக்கு 20 சதவீத வரி எல்லாம் தனி. வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொன்னது. அவர்களில் எத்தனை பேர் திரையில் சார்ட் இல்லாமல் இருந்திருக்கும்?

மெழுகுவர்த்தி:
அது வாராந்திர ஆப்ஷன் சூதாட்டம் அக்கா. கத்தியால் விரலை வெட்டிக்கொண்டால் கத்தி மேலா பழி? நான் மாதம் நாலைந்து ட்ரேடுக்கு மேல் போவதில்லை.

கணக்குப்பிள்ளை:
சரி, அப்புறம் என்ன தயக்கம்? அடுத்த பத்து ட்ரேடை முன்கூட்டியே எழுதுங்கள். வாங்கும் விலை, ஸ்டாப்லாஸ், வெளியேறும் விலை, மூன்றும் வேண்டும். முடிந்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது.

எக்செல் அக்கா:
இங்கே பொதுவில் போடாதீர்கள். செபியில் பதிவு செய்யாதவர் பங்கு சிபாரிசு செய்தால் வம்பு. எனக்குத் தனியாக அனுப்புங்கள், செலவெல்லாம் கழித்துக் கடைசியில் மொத்தமாகப் போடுகிறேன். பத்து போதாது, அதிர்ஷ்டமும் திறமையும் பிரியாது. ஐம்பது வேண்டும்.

மெழுகுவர்த்தி:
ஐம்பதுக்கு ஒரு வருடம் ஆகுமே.

கணக்குப்பிள்ளை:
நான் ஒரு பங்கைப் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.