பாளை வீட்டுக் குழு: சாமும் எஸ்தர் அத்தையும் பேசிய பாட்காஸ்ட்

ஜெனி: புது எபிசோட் வந்துவிட்டது. இந்த முறை விருந்தினர் இருவருமே நம் வீட்டு ஆட்கள். முதல் பாதியில் சாம், திகில் கேம்கள் பற்றி. அடுத்த பாதியில் எஸ்தர் அத்தை, காது கேளாதவர்களுக்குச் சபையில் சைகை மொழியில் செய்யும் ஊழியம் பற்றி. நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.

பெரியப்பா: ஸ்தோத்திரம். ஜெனி, பேய் விளையாட்டையும் ஊழியத்தையும் ஏன் அம்மா ஒன்றாகச் சேர்த்தாய்? நம் சேகரத்துச் சபைகளின் குழுவுக்கு அனுப்பலாம் என்றுதான் போனை எடுத்தேன். முதல் பாதி என்னவென்று பார்த்ததும் வைத்துவிட்டேன்.

ஜெனி: பெரியப்பா, யார் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்களுக்குச் சாப்பாடு மறந்துபோகும்? அதற்கு அவர்கள் சொல்லும் பதில்தான் நிகழ்ச்சி. சாமுக்கு இது, அத்தைக்கு அது.

கிரேஸ் சித்தி: நான் காலையில் மீன் கழுவிக்கொண்டே கேட்டேன். பெற்றவள் சொல்கிறேன், அவன் இவ்வளவு விவரமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் கேட்டால் "ஒன்றுமில்லை அம்மா, கேம்" என்பதோடு சரி.

பெரியப்பா: இருக்கட்டும் கிரேஸ். ஆனால் பயப்படுவதற்கு ஒருவன் காசு கொடுப்பானா? ஏலே சாம், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு பார்ப்போம்.

சாம்: சொல்கிறேன் பெரியப்பா. பேயைவிட, அந்தப் பயத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆசை. 1999-இல் வந்த சைலன்ட் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரையே தூரம்வரை வரைந்து காட்டும் திறன் அன்றைய பிளேஸ்டேஷனுக்குக் கிடையாது. அதனால் கொஞ்ச தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாதபடி பனிமூட்டத்தைப் போட்டு மூடினார்கள். இயந்திரத்தின் குறையை மறைக்கப் போட்ட மூட்டம்தான் அது. ஆனால் விளையாடுகிறவனுக்கு, அந்தப் பக்கம் என்ன நிற்கிறதோ என்று வயிற்றைக் கலக்கும். 1996-இல் வந்த ரெசிடென்ட் ஈவிலிலும் அப்படித்தான். அறைக்கு அறை போகும்போது ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டுவார்கள். சிடியிலிருந்து அடுத்த அறை ஏறுவதற்கான நேரம் அது. கதவு திறந்து முடிவதற்குள் நமக்கு நாக்கு வறண்டுவிடும்.

டேனி: அண்ணா, ஏலியன் பற்றிச் சொல்லுங்கள்

சாம்: வருகிறேன் டேனி. ஏலியன்: ஐசொலேஷன், 2014. அந்த ஏலியனை இரண்டு மூளைகள் நடத்துகின்றன. ஒன்றுக்கு நாம் எங்கே ஒளிந்திருக்கிறோம் என்று எப்போதும் தெரியும். ஆனால் அது நம்மைக் காட்டிக் கொடுக்காது, "இந்தப் பக்கமாகப் போய்ப் பார்" என்று மட்டும் சொல்லும். மற்றது ஏலியனின் சொந்த மூளை. அது தன் கண்ணாலும் காதாலும்தான் நம்மைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதனால் அது நம்மைச் சுற்றியே திரியும், ஆனாலும் கள்ள ஆட்டம் ஆடுகிறது என்று தோன்றாது. நேர்மையாகப் பிடிபட்டோம் என்று தெரிந்தால்தானே மறுபடி ஆட மனம் வரும்? டேனி, இது பெரியவர்களுக்கான கேம். பிளஸ் டூ முடிக்கும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்.

பெரியப்பா: கடைசியில் அவனுக்குச் சொன்னாயே, அதற்காகவே முதல் பாதியையும் கேட்கிறேன்.

எஸ்தர் அத்தை: சாம், பாட்காஸ்ட்டில் ஒரு ரேடியோ பற்றிச் சொன்னாயே, அதை இங்கேயும் சொல்.

சாம்: சைலன்ட் ஹில் நாயகனிடம் ஒரு சின்ன ரேடியோ இருக்கும் அத்தை. பயங்கரமான எதுவும் பக்கத்தில் வந்தால் கரகரவென்று இரையும். கண்ணுக்கு மூட்டம் மட்டும்தான், காதுக்குத்தான் முதலில் தெரியும். திகில் கேம் செய்கிறவர்கள் பாதி வேலையைக் காதில்தான் முடிக்கிறார்கள்.

எஸ்தர் அத்தை: அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். நம் சபைக்கு வருகிற காது கேளாத பையன்களில் சிலர் லேப்டாப்பும் கையுமாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த ரேடியோ இருந்தும் இல்லாத மாதிரிதானே?

சாம்: பழைய கேம்களில் அப்படித்தான் அத்தை. 2016-இல் மைன்கிராஃப்ட்டின் கணினிப் பதிப்பில் ஒலிகளுக்கே எழுத்து வந்தது. ஸோம்பி முனகினால் திரையின் ஓரத்தில் அது எழுத்தாக வரும், எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு குறியும் வரும். அப்புறம் 2020-இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம். கண் தெரியாதவர், காது கேளாதவர், விரல் அசைக்கச் சிரமப்படுகிறவர் என்று எல்லாருக்குமாக 60-க்கு மேற்பட்ட வசதிகள் வைத்தார்கள். எதிரி நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் எந்தத் திசையிலிருந்து என்று திரையிலேயே தெரியும்.

கிரேஸ் சித்தி: மைனி, உங்கள் பகுதியில் ஜெபம் பற்றிச் சொன்ன இடத்தில் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சேலை விஷயமும் எனக்குப் புதிது.

எஸ்தர் அத்தை: போதகர் ஐயர் "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றதும் சபை முழுக்கக் கண்ணை மூடும். எங்கள் வரிசை மட்டும் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூடினால் அவர்களுக்கு ஜெபமே கிடையாது கிரேஸ். புதிதாக வருகிறவர்கள் சில நேரம் பக்தி இல்லாத பிள்ளைகள் என்று முணுமுணுப்பார்கள். ஆராதனை முடிந்ததும் நானே போய் அவர்களிடம் பேசுவேன்.

எஸ்தர் அத்தை: சேலையில் சரிகையும் பூவேலையும் இருந்தால் கை அதற்குள் தொலைந்துவிடும். அதனால் ஒரே நிறம், என் கை தனியாக எடுத்துத் தெரிகிற நிறம். வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், அதனால் இடம் பார்த்துத்தான் நிற்பேன். முகம் தெரியாவிட்டால் பாதிப் பேச்சு போய்விடும். கேள்வி கேட்கிறோமா, செய்தி சொல்கிறோமா என்பதைப் புருவம்தான் காட்டுகிறது.

டேனி: பாட்டுக்கு என்ன செய்வீர்கள் அத்தை?

எஸ்தர் அத்தை: கீர்த்தனைதான் கடினம். வார்த்தைக்கு வார்த்தை போனால் ஒன்றும் நிற்காது, பொருளைப் பிடித்துத் தாளத்தோடு கையை விட வேண்டும். பல்லவி திரும்பி வரும்போதெல்லாம் சைகையைக் கொஞ்சம் பெரிதாக்குவேன். தபேலாவுக்குப் பக்கத்து பெஞ்சைத் தேடி உட்காருகிறவர்கள் உண்டு, அதிர்வு பலகை வழியாக வரும். பாட்டைவிடப் பிரசங்கம் நீண்டால்தான் எனக்குப் பாடு. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுவது நல்லது. கைக்கு முன்னால் மூளை களைத்துவிடும். நம் சபையில் நான் ஒருத்திதான். இரண்டாவதாக ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் என் ஜெபம்.

பெரியப்பா: நம் ஊருக்கு இது பழைய சொத்து. ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1890-களிலேயே பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டே ரோட்டில் போவதைச் சின்ன வயதில் நின்று பார்ப்பேன். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரே ஊரில் இத்தனை தலைமுறை இருந்தும் நாம் நாலு சைகைகூடக் கற்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

டேனி: நான் கற்றுக்கொள்ளலாமா அத்தை?

எஸ்தர் அத்தை: வா ராஜா. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் என்று டெல்லியில் இருக்கிறது. அவர்களுடைய அகராதியில் 2021-லேயே 10,000 சொற்கள் வீடியோவாக இருந்தன. அதைப் பார். ஆனால் அகராதியை மட்டும் வைத்துப் பேச்சு வராது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்.

எஸ்தர் அத்தை: ஜெனி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ போட்ட போஸ்டரில் என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பையன் வீடியோ காலில் வந்தான். "எங்களைப் பற்றி என்ன சொன்னீர்கள்?" என்றான். ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு நான் அவனுக்கு எதைக் காட்டுவேன்? அவர்களைப் பற்றிய பேச்சு அவர்களைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஜெனி: எழுத்தில் போட்டுவிடுகிறேன் அத்தை. ஆப்பிள் பாட்காஸ்ட்டில் 2024 மார்ச்சில் தானாக எழுத்தாக்கும் வசதி வந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் மட்டும்தான் இருந்தன. போனில் குரல் தட்டச்சு வைத்தும் பார்த்தேன். சாம் பேசியது ஓரளவு வந்தது, உங்கள் பாளைத் தமிழ் அதன் கையில் சிக்கவில்லை. நாம்தான் உட்கார வேண்டும்.

பெரியப்பா: எஸ்தர் பகுதியை நான் எழுதுகிறேன். போனில் அடிக்க எனக்கு வராது. தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், டேனி அடிக்கட்டும். சந்திப்பிழை இல்லாமல் வரும்.

எஸ்தர் அத்தை: சந்தோஷம் அண்ணே. ஆனால் எழுத்து மட்டும் போதாது. பெரியவர்கள் பலருக்குச் சைகைதான் முதல் மொழி, நீள நீளமான வாக்கியங்களைப் படிக்கச் சிரமப்படுவார்கள். இரண்டு பகுதியையும் நானே கையால் பேசி வீடியோவாகத் தருகிறேன். கீழே எழுத்தும் ஓடட்டும்.

சாம்: என் பகுதியுமா அத்தை?

எஸ்தர் அத்தை: பின்னே? எங்களைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அவன் அடுத்துக் கேட்டது உன்னைப் பற்றித்தான். உன் படத்துக்குப் பின்னால் தெரிந்த கேம் எது என்றான்.

சாம்: பனிமூட்டம், ஏலியன் இதற்கெல்லாம் சைகை இருக்கிறதா?

எஸ்தர் அத்தை: மூட்டத்தைக் காட்டிவிடுவேன். ஏலியனுக்கு அந்தப் பையன்களிடமே கேட்டுக்கொள்கிறேன், அவர்களுக்குள் ஏதாவது ஒன்று வைத்திருப்பார்கள். நீயே அவனோடு பேசு. எண்ணைத் தரலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன். எழுத்தில் நன்றாகவே அரட்டை அடிப்பான்.

சாம்: சரி அத்தை. லேப்டாப் என்ன மாடல் என்று கேளுங்கள், அதற்கு எது ஓடும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஜெனி: சனிக்கிழமை காலையில் மொட்டை மாடியில் எடுக்கலாமா அத்தை? வெளிச்சம் நன்றாக இருக்கும்.

எஸ்தர் அத்தை: மாடி வேண்டாம், காற்றில் முந்தானை பறந்து கையை மறைக்கும். நடுவீட்டில் வெள்ளைச் சுவர் பக்கம் நிற்கிறேன். இடுப்புக்கு மேலே முழுதும் தெரிய வேண்டும், கையை விரித்தாலும் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. டேனி, ஸ்டாண்டை நீ கொண்டு வா.