பதிலி ஆசிரியராக இரண்டாம் வகுப்பில் ஒரு வாரம்

கேள்வி (தாராவி, மும்பை):
வணக்கம். மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில், விடுப்பிலுள்ள ஆசிரியைக்குப் பதிலாக இரண்டாம் வகுப்பைக் கவனித்துக்கொள்கிறேன். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் 38 பிள்ளைகள், எதற்கெடுத்தாலும் "எங்க டீச்சர் இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று எழுந்துவிடுகிறார்கள். அதட்டியதில் என் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
அதை எதிர்ப்பாகக் கருதாதீர்கள். பழகிய ஒழுங்கு கலைந்ததால் எழும் பதற்றம் அது. அவர்களுடைய ஆசிரியை அன்றாடம் வகுப்பை எப்படித் தொடங்குவார், தண்ணீர் குடிக்க எப்போது விடுவார் என்பதையெல்லாம் பிள்ளைகளிடமே கேட்டுக் கரும்பலகையில் எழுதி, முடிந்தவரை அதையே பின்பற்றுங்கள். அதிகம் துள்ளும் பிள்ளையிடம் நோட்டுகளை வழங்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். (என் வகுப்பில் அப்படியொருவன் இரண்டே நாளில் எனக்கே கட்டளையிடத் தொடங்கினான்.)

மறுமொழி 2:
நீங்கள் ஒரு தாளத்தில் கைதட்ட, அவர்கள் அதைத் திருப்பித் தட்டட்டும்; ஓசை ஓய்ந்ததும் தாழ்ந்த குரலில் பேசுங்கள். சக ஆசிரியர் யாரேனும் பிரம்பை நீட்டினால் மறுத்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, உடல் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

கேட்டவர்:
நன்றி. கைதட்டல் இன்று பலித்தது. ஆனால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து தட்டுகிறது.