பெல்லினி போட்டா ஒரு தடவ பொங்கி வழியுது, ஒரு தடவ சப்புன்னு இருக்கு, உதவி பண்ணுங்க

பதுவைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் இத்தாலில பதுவைல படிக்கிறேன், நம்ம ஊர்ல பதுவை அந்தோணியார்னு சொல்வோம்ல அதே ஊருதான், இங்கருந்து வெனிஸ் ட்ரெயின்ல அரை மணி நேரம். வர்ற சனிக்கிழமை என் ரூம்மேட்டுக்குப் பிறந்தநாள், அவ வெனிஸ்காரி, அவளுக்குப் பிடிச்ச பெல்லினிய, அதாவது பீச் விழுதும் ப்ரொசெக்கோங்கற நுரைக்கிற ஒயினும் கலந்த பானத்த, நானே வீட்ல போட்டுக் குடுக்கணும்னு ரொம்ப ஆசை. ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன் ரெண்டுமே சரியா வரல.

செஞ்சது இதுதான். வெள்ளை பீச் நாலு வாங்கி தோலோட மிக்ஸில நல்லா அடிச்சேன், கிளாஸ்ல முதல்ல ப்ரொசெக்கோ ஊத்தி அதுக்கு மேல பீச் விழுத ஊத்தினேன். முதல் தடவ நுரை கொஞ்சம் வந்துட்டு அடங்கி ரெண்டே நிமிஷத்துல ஜூஸ் மாதிரி ஆயிருச்சு. ரெண்டாவது தடவ வேற பாட்டில், அது பொங்கி பாதி டேபிள்ல ஓடிருச்சு, விழுது அடில போய் உக்காந்துக்கிச்சு, கலக்கலாம்னு ஸ்பூன போட்டா இருந்த கேஸும் போச்சு. கலர் வேற பத்து நிமிஷத்துல பழுப்பா மாறிருச்சு. இனிப்பு கம்மியா இருக்கட்டும்னு ட்ரைன்னு போட்ட பாட்டிலா பாத்துதான் வாங்கினேன், ஆனா அதுதான் ஒரே தித்திப்பு. மொத்தம் ஏழு பேர் வர்றாங்க, எங்க தப்பு பண்றேன்னு யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

மெஸ்த்ரே அண்ணாச்சி:
தங்கச்சி, நான் வெனிஸுக்குப் பக்கத்துல மெஸ்த்ரேல ஒரு பார்லதான் வேலை பாக்கேன், சீசன்ல ஒரு நாளைக்கு எத்தனை பெல்லினி போடுவேன்னு கணக்கே கிடையாது. பதில் சொல்லதுக்கு முன்னாடி மூணு விஷயம் சொல்லு. ரெண்டு பாட்டில்லயும் லேபிள்ல அப்படியே என்ன எழுதிருந்துச்சு? ஃப்ரிட்ஜ்ல எவ்வளவு நேரம் வச்ச? பீச் விழுது ஜில்லுன்னு இருந்துச்சா இல்ல மிக்ஸிலருந்து நேரா ஊத்துனியா?

பதுவைப்பொண்ணு:
அண்ணா, முதல் பாட்டில்ல ஃப்ரிட்சான்டேன்னு இருந்துச்சு, கார்க்க நூல் வச்சுக் கட்டிருந்தாங்க. ரெண்டாவதுல ஸ்புமான்டே, கீழ ட்ரை. ரெண்டுமே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு. விழுது மிக்ஸிலருந்து நேராத்தான் ஊத்தினேன்.

மெஸ்த்ரே அண்ணாச்சி:
அப்ப எல்லாமே பிடிபட்டுட்டு. ஃப்ரிட்சான்டேன்னா லேசா நுரைக்கிற வகை, அதுல கேஸ் அழுத்தம் பார்ங்கற அளவுல அதிகபட்சமே 2.5தான், ஸ்புமான்டேன்னா நல்லா நுரைக்கிறது, குறைஞ்சது 3 ஆவது இருக்கும். பீச் விழுது சேந்ததும் கொஞ்சம் கேஸ் எப்படியும் போயிரும், அதத் தாங்குறதுக்கு ஸ்புமான்டேதான் வேணும், நூல் கட்டுன பாட்டில சும்மா குடிக்கதுக்கு வச்சுக்கோ.

இனிப்பு விஷயத்துல எல்லாரும் ஏமாறுவாங்க. லேபிள்ல ட்ரைன்னு இருந்தா லிட்டருக்கு 17லருந்து 32 கிராம் வரைக்கும் சர்க்கரை, எக்ஸ்ட்ரா ட்ரைன்னா 12லருந்து 17, ப்ரூட்னா 12க்குள்ள. பேரு அப்படி, ஆனா மூணுலயும் ட்ரைதான் அதிக தித்திப்பு. பீச்சுலயே இனிப்பு இருக்கதால நீ ப்ரூட் வாங்கு. ஷாம்பெயின் வாங்கிராத, காசுக்காக மட்டும் சொல்லல, ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளயே ஈஸ்ட்டோட மாசக்கணக்கா கெடக்கதால ஒரு ரொட்டி வாசம் வந்துரும், அது பீச் வாசனைய அமுக்கிரும். ப்ரொசெக்கோ பெரிய ஸ்டீல் டேங்க்ல நுரைக்கிறது, பழ வாசம் அப்படியே நிக்கும்.

பொங்குனதுக்குக் காரணம் சூடு. ஒரு மணி நேரம் பத்தவே பத்தாது, நாலு மணி நேரமாவது வைக்கணும். அவசரம்னா வாளில ஐஸும் தண்ணியும் சேத்துப் போட்டு அரை மணி நேரம் முக்கி வை, வெறும் ஐஸ் மட்டும் போட்டா பாட்டில முழுசா ஒட்டாது, லேட்டாகும். விழுதும் ஜில்லுன்னு இருக்கணும், கிளாஸும் ஜில்லுன்னு இருக்கணும். குளிர்ச்சில கேஸ் ஒயின்லயே தங்கும், சூடான விழுது பட்டா மொத்தமா வெளிய வந்துரும்.

இனி ஊத்துற முறை. விழுது முதல்ல, 50 மில்லி. அதுக்கு மேல கிளாஸ சாய்ச்சுப் பிடிச்சு ஓரமா கொஞ்சம் ப்ரொசெக்கோ விடு, நுரை அடங்கட்டும், நீள ஸ்பூன அடி வரைக்கும் இறக்கி விழுத மெதுவா மேல தூக்கி விடு, சுத்திக் கலக்காத. அப்புறம் மிச்சம், மொத்தம் 100 மில்லி. ஒரு பாட்டில் 750 மில்லி, ஏழு பேருக்கு ஒரு ரவுண்டு, அதனால மூணு பாட்டிலா வாங்கிக்கோ.

பலேர்மோ அக்கா:
தங்கச்சி, நான் பலேர்மோவில ஒரு வீட்டில சமையல் வேலை செய்யிறன், அங்க கோடை முழுக்க இதுதான் கேப்பினம். தம்பி சொன்னது எல்லாம் சரி, ஆனா பழத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல, பாதிப் பிழை அதிலதான் இருக்கு. பிளெண்டரில போட்டு அடிச்சால் காத்து உள்ள போயிடும், பிறகு ஒயின் பட்ட உடன அந்தக் காத்துக் குமிழிலதான் கேஸ் ஏறிப் பொங்கும். பழுப்பாகிறதும் காத்துப் படுறதாலதான். பழத்தைக் கொதிதண்ணியில அரை நிமிசம் போட்டு எடுத்து ஐஸ் தண்ணியில விடுங்கோ, தோல் தானா உரிஞ்சு வரும். கையால நல்லா மசிச்சு, மெல்லிய அரிதட்டில கரண்டியால தேச்சு வடியுங்கோ. மசிக்கேக்கயே தேசிக்காய்ப்புளி, அதுதான் எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி விடுங்கோ, நிறம் மாறாது. கொட்டையைச் சுத்தி இருக்கிற சிவப்புச் சதையை எறிஞ்சு போடாதேங்கோ, அந்த இளஞ்சிவப்பு அதில இருந்துதான் வரும். காணாட்டி ராஸ்பெரி ரெண்டு மூண்டு சேருங்கோ.

மஞ்சள் பீச் வேண்டாம். இங்க சிசிலியில லெயோன்ஃபோர்த்தே எண்ட ஊரில மரத்திலயே கடுதாசிப் பையால பழத்தைக் கட்டி வளக்கிற பீச் இருக்கு, செப்டம்பரிலதான் வரத் தொடங்கும், வாயில வச்சால் தேன். ஆனா அதில மஞ்சள் பழமெண்டால் பெல்லினிக்கு வாசம் வேற மாதிரிப் போயிடும்.

மெஸ்த்ரே அண்ணாச்சி:
அக்கா சொல்லதுதான் சரியான முறை. நாங்க பார்ல அளவு ஜாஸ்திங்கதால மெஷின்ல அடிச்சு வடிகட்டி ராத்திரி பூரா மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிருவோம், காத்து வெளிய போயிரும். வீட்ல ஏழு பேருக்கு கையால மசிக்கதுதான் நல்லது.

இன்னொண்ணு, உன் ரூம்மேட் வெனிஸ்காரிங்கதால சொல்லுதேன். இது பொறந்ததே அங்க ஹாரிஸ் பார்லதான், ஜுசெப்பே சிப்ரியானி 1931ல ஆரம்பிச்ச கடை, 1948 வாக்குல இந்த பானத்தப் போட்டுட்டு அந்தக் கலரப் பாத்து ஜொவான்னி பெல்லினிங்கற ஓவியர் பேர வச்சாரு. அங்க நீளமான கிளாஸ்ல குடுக்க மாட்டாங்க, சின்ன டம்ளர்லதான் வரும், ஒயினும் கொஞ்சம் கூட, மூணுக்கு ஒண்ணு. நீயும் டம்ளர்ல குடு, அவளுக்கு வீட்டு ஞாபகம் வரும்.

பதுவைப்பொண்ணு:
அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வெள்ளிக்கிழமை காலைல பியாட்சா தெல்லே எர்பே சந்தைக்குப் போய் நல்லா பழுத்த வெள்ளை பீச்சா பாத்து பத்து வாங்கினேன், அக்கா சொன்ன மாதிரியே தோல் உரிச்சு மசிச்சு வடிச்சு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சேன், காலைல பாத்தா அப்படியே ரோஸ் கலர்ல இருந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. மூணு பாட்டில் ப்ரூட் ஸ்புமான்டே. ஒரு சொட்டு வெளிய வழியல. அவ டம்ளரப் பாத்ததும் ஒண்ணும் பேசல, ஒரு வாய் குடிச்சுட்டு அவங்கம்மாக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினா.

ஒரே ஒரு சந்தேகம். ரெண்டாவது ரவுண்டுக்கு நேரம் மிச்சமாகட்டும்னு ஜக்குல மொத்தமா கலந்து வச்சேன், கடைசி ரெண்டு டம்ளர்ல மட்டும் கேஸ் குறைஞ்சிருச்சு, ஏன்?

மெஸ்த்ரே அண்ணாச்சி:
விழுதுல இருக்க நார்ல கேஸ் ஒட்டி ஒட்டி வெளிய போய்க்கிட்டே இருக்கும் தங்கச்சி, அதனால கலந்து வைக்கவே கூடாது, ஆள் வந்து கைய நீட்டுன பொறவு ஊத்து. மிச்சம் விழுது இருந்தா ஐஸ் ட்ரேல ஊத்தி உறைய வை, சீசன் முடிஞ்ச பொறவு ரெண்டு கட்டிய ஃப்ரிட்ஜ்ல இளக விட்டுப் போட்டுக்கலாம்.